முன்சக்கரமும் ஊழும்

மலைப்பாதையில் ஒரு ஜீப் உருண்டால் மறுநாள் செய்தியில் ‘கட்டுப்பாட்டை இழந்து’ என்று போடுவார்கள். துக்க வீட்டில் ‘விதி முடிஞ்சிருச்சு’ என்பார்கள். இரண்டும் பெரும்பாலும் நல்ல மனதோடு சொல்லப்படுபவைதான். போனவரைப் பற்றி யாரும் குறையாகப் பேசிவிடக் கூடாது என்ற பண்பு அதில் இருக்கிறது. ஆனால் அதற்குப் பிறகு கேட்கப்பட வேண்டிய ஒரு கேள்வி கேட்கப்படாமலே போய்விடுகிறது. அந்த வண்டியின் முன்சக்கரங்களைக் கடைசியாக அளந்து பார்த்தது யார், எப்போது?

இது மெக்கானிக் கேட்க வேண்டிய கேள்வி மட்டுமன்று. விதி எது வரைக்கும், மனிதன் கை எங்கிருந்து என்று இந்த மண்ணில் நெடுங்காலமாக வாதாடி வந்திருக்கிறார்கள். வள்ளுவர் வாதாடினார்; சமணரும் ஆசீவகரும் மோதிக்கொண்டார்கள்; வைணவம் இதே கேள்வியில் இரண்டு கலைகளாகப் பிரிந்து நின்றது. அந்த வாதத்தை ஒரு பழைய ஜீப்பின் அடியில் குனிந்து பார்த்தால் சில விஷயங்கள் தெளிவாகத் தெரிகின்றன.

போடிநாயக்கனூரிலிருந்து இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் கிளம்பும் ஜீப்புகளில் பல வயதானவை. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குக் கல்லும் பள்ளமுமான பாதையில் சுற்றுலாக்காரர்களை ஏற்றிச் செல்லும் ஜீப்புகளும் அப்படித்தான். இந்த வண்டிகளின் வம்சம் 1947-இல் தொடங்குகிறது. அந்த ஆண்டுதான் மகிந்திரா நிறுவனம் அமெரிக்க வில்லிஸ் ஜீப்புகளைப் பம்பாயில் பூட்டிக் கொடுக்கத் தொடங்கியது. பிறகு சி.ஜே. 3பி, எம்.எம். 540 என்று பெயர்கள் மாறின, எஞ்சின்கள் மாறின. நாலு சக்கரமும் இழுக்கும் வண்டிகளில் முன்பக்கத்துக் கட்டுமானம் மட்டும் நெடுநாள் அதே சாடையில் நீடித்தது. இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே இரும்பு ஹவுசிங், அதன் இரு பக்கமும் பட்டை ஸ்பிரிங், சக்கரங்களைச் சேர்த்துத் திருப்ப டை ராடு. இவ்வளவுதான்.

பழைய வில்லிஸ் சி.ஜே. ஜீப்புகளின் பணிமனைக் கையேடு முன்சக்கரங்களுக்கு நான்கு கணக்குகளைத் தருகிறது: கேம்பர் 1.5 டிகிரி, கிங் பின் சாய்வு 7.5 டிகிரி, கேஸ்டர் 3 டிகிரி, டோ-இன் 3/64 முதல் 3/32 அங்குலம், அதாவது ஏறக்குறைய 1.2 முதல் 2.4 மில்லிமீட்டர். வண்டிக்கு முன்னால் நின்று பார்த்தால் சக்கரத்தின் மேல்பக்கம் சற்றே வெளியே சாய்ந்திருப்பது கேம்பர். சக்கரம் எந்த அச்சைச் சுற்றித் திரும்புகிறதோ அந்த அச்சு உட்பக்கம் சாய்ந்திருப்பது கிங் பின் சாய்வு. அதே அச்சைப் பக்கவாட்டில் நின்று பார்த்தால் அதன் தலை கொஞ்சம் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும், அதுதான் கேஸ்டர். வளைவு முடிந்ததும் ஸ்டீரிங் தானாக நேருக்கு வருவதில் பெரும்பங்கு அதற்குண்டு. மேலிருந்து பார்த்தால் இரண்டு சக்கரங்களும் முன்பக்கம் நூலளவு நெருங்கியிருப்பது டோ-இன்.

இந்த நான்கில் முதல் இரண்டும் ஹவுசிங் செய்யப்படும்போதே அதில் அமைந்துவிடுகின்றன. திருகிச் சரிசெய்ய ஒரு நட்டுகூடக் கிடையாது. கேம்பர் மாறியிருந்தால் பேரிங்கோ கிங் பின்னோ தேய்ந்திருக்க வேண்டும், அல்லது ஹவுசிங்கே வளைந்திருக்க வேண்டும். கேஸ்டர் பாதி கைக்கு வரும். ஸ்பிரிங்குக்கும் ஹவுசிங்குக்கும் நடுவே ஆப்பு வடிவத் தகடு வைத்துக் கொஞ்சம் கூட்டலாம், குறைக்கலாம். டோ-இன் மட்டும்தான் முழுக்க மனிதன் கைக்கு விடப்பட்டது. டை ராடின் ஒரு முனையில் வலப்புரி, மறுமுனையில் இடப்புரி. கிளாம்பைத் தளர்த்தி ராடைத் திருகினால் இரண்டு சக்கரங்களும் சேர்ந்தே உள்ளே வரும், அல்லது வெளியே போகும்.

அச்சோடு வந்தது ஒன்று, கைக்கு விடப்பட்டது ஒன்று. ஊழையும் முயற்சியையும் பற்றிப் பேச இதைவிட நல்ல இடம் கிடைப்பது அரிது. கேம்பரைச் சஞ்சிதம் (சேர்ந்து கிடக்கும் வினை) என்றும் கேஸ்டரைப் பிராரப்தம் (இப்போது பலன் தரும் வினை) என்றும் பெயரிட்டு ஒவ்வொன்றாகப் பொருத்திக்கொண்டே போகத் தோன்றும். அது வேண்டாத வேலை. இரும்பு எதையும் தேர்ந்தெடுப்பதில்லை, மனிதன் தேர்ந்தெடுக்கிறான். ஆனால் கையில் உள்ளது எது, இல்லாதது எது என்று பிரித்தறியும் பழக்கத்தை இந்த இரும்பு ஒருவருக்குக் கற்றுக்கொடுக்கும்.

திருக்குறளில் ஊழ் என்ற அதிகாரம் 38-ஆவது. அறத்துப்பாலை முடித்து வைப்பதே அதுதான். அங்கே வள்ளுவர் ஊழைவிட வலியது எதுவுமில்லை என்ற முடிவுக்கு வந்து நிற்கிறார். 62-ஆவது அதிகாரம் ஆள்வினையுடைமை. அங்கேயோ சளைக்காமல் முயல்பவர் ஊழையே புறங்காட்டி ஓட வைப்பார் என்கிறார். இது முரண்பாடு என்று மேடைகளில் பட்டிமன்றம் நடத்துகிறோம். இரு தரப்பும் அந்த இரண்டு கடைசிக் குறள்களையே கையில் வைத்துக்கொண்டு மோதும். அதே 62-ஆவது அதிகாரத்தில் எட்டாவதாக நிற்கும் குறளை அவ்வளவாக யாரும் எடுப்பதில்லை. நல்லூழ் வாய்க்காதது ஒருவருக்கு இழுக்காகாது, அறிய வேண்டியதை அறிந்து முயலாமல் இருந்ததே இழுக்கு என்பது அதன் கருத்து. எது நடக்கும் என்று அந்தக் குறள் சோதிடம் சொல்லவில்லை. யார்மேல் பழி, எதற்காகப் பழி என்று வரையறுக்கிறது. ஊழின் வலிமையைப் பற்றி வள்ளுவர் எவ்வளவு பெரிதாகச் சொன்னாலும், அளக்க முடிந்ததை அளக்காமல் விட்டவனுக்கு அவர் அடைக்கலம் தரவில்லை.

அளப்பது எப்படி என்றும் பார்த்துவிடலாம். முதலில் டயர்களில் காற்று இரு பக்கமும் சமமாக இருக்க வேண்டும். வீல் பேரிங், கிங் பின், டை ராடு எண்டு எதிலும் ஆட்டம் இருக்கக் கூடாது. ஸ்பிரிங் யூ போல்ட் இறுக்கமாக இருக்க வேண்டும். ஆட்டம் இருக்கும் வண்டியில் டோ-இன் வைப்பது வீண். இன்று வைத்த அளவு நாளை இருக்காது. பிறகு முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, டயரின் நடுப்பட்டையில் சாக்பீஸ் பூசி, சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டு, அசையாமல் பிடித்த ஓர் ஆணி முனையால் மெல்லிய கோடு கீற வேண்டும். அடுத்த சக்கரத்திலும் அப்படியே. வண்டியை இறக்கிச் சில அடி முன்னே உருட்டவேண்டும். ஜாக்கியிலிருந்து இறங்கிய டயர் அப்போதுதான் தன் இயல்பான நிலைக்கு வரும். பின்னால் உருட்டக் கூடாது. ஸ்டீரிங் நேராக இருக்க, அச்சின் உயரத்தில் டேப் பிடித்துக் கோட்டுக்குக் கோடு முன்பக்கம் ஓர் அளவு, பின்பக்கம் ஓர் அளவு. டேப்பின் இரு முனைக்கும் இரண்டு ஆள் வேண்டும். முன் அளவு எவ்வளவு குறைகிறதோ அதுவே டோ-இன்.

அளக்காத வண்டியையும் கண்டுபிடிக்கலாம். முன் டயரின் மேல் உள்ளங்கையைக் குறுக்கே ஓட்டினால் ஒரு திசையில் வழுவழுப்பாக வழுக்கும். திரும்ப ஓட்டினால் ஒவ்வொரு கட்டையின் விளிம்பும் ரம்பப் பல்லாகக் கையைப் பிடிக்கும். டோ-இன் கூடிப்போனால் வெளித்தோள் வேகமாகத் தேயும், குறைந்துபோய் வெளியே விரிந்தால் உட்தோள். 6 மில்லிமீட்டர் பிசகினால் என்ன ஆகும் என்று கணக்குப் போடலாம். 730 மில்லிமீட்டர் விட்டமுள்ள டயரென்றால், ஒவ்வொரு முன்சக்கரமும் 730 மில்லிமீட்டருக்கு 3 மில்லிமீட்டர் என்ற விகிதத்தில், அதாவது கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 4 மீட்டர் தூரம், பக்கவாட்டில் இழுபடுகிறது. சக்கரம் சுழன்றுகொண்டே தரையைச் சுரண்டுகிறது என்று பொருள். ஈரப் பாதையில், கீழிறக்கத்தில், கொண்டை ஊசி வளைவில், அந்த டயரிடம்தான் பிடிமானத்தை எதிர்பார்க்கிறோம்.

நாலு சக்கர இழுவை வண்டிகளில் இன்னொரு நுட்பமும் உண்டு. பின்சக்கரங்கள் மட்டும் தள்ளும்போது முன்சக்கரங்கள் வெளியே விரியப் பார்க்கும். முன் கியரையும் போட்டு முன்சக்கரங்களும் இழுக்கத் தொடங்கினால் உள்ளே குவியப் பார்க்கும். நிற்கும் வண்டியில் வைக்கிற அந்த ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கோணல், ஓடும் வண்டியின் நேருக்காக. கையேட்டு அளவு அத்தனை சிறியதாக இருப்பதற்கு இதுவும் காரணம்.

அங்குத்தர நிகாயத்தில் புத்தர் சொன்னதாக ஒரு சக்கரத் தச்சனின் கதை வருகிறது. பசேதனன் என்ற அரசன் தன் தச்சனிடம் ஆறு மாதத்தில் போர் வரும், அதற்குள் ஒரு ஜோடிச் சக்கரம் வேண்டும் என்கிறான். கெடுவுக்கு ஆறு நாள் இருக்கும்போது ஒரு சக்கரம்தான் முடிந்திருக்கிறது. மற்றதை அந்த ஆறு நாளில் முடித்துக் கொடுக்கிறான் தச்சன். பார்வைக்கு இரண்டுக்கும் வேறுபாடே தெரியவில்லையே என்கிறான் அரசன். தச்சன் இரண்டையும் உருட்டிக் காட்டுகிறான். ஆறு நாளில் செய்தது தள்ளிய வேகம் இருக்கும் வரை ஓடி, வேகம் அடங்கியதும் சுழன்று விழுகிறது. மற்றது வேகம் அடங்கிய இடத்தில் அச்சில் பூட்டியதுபோல் நிற்கிறது. விழுந்ததன் வட்டையிலும் ஆரத்திலும் குடத்திலும் நீக்காமல் விட்ட கோணல்கள் இருந்தன. உடல், பேச்சு, மனம் ஆகியவற்றின் கோணலை நீக்காத துறவி இப்படித்தான் விழுவான் என்று பிக்குகளுக்குச் சொல்லி, அந்தத் தச்சன் முற்பிறவியில் தானே என்கிறார் புத்தர்.

இந்தக் கதையில் கூர்மையான இடம், தள்ளும் வேகம் இருக்கும்வரை இரண்டும் ஒன்றுபோல் ஓடின என்பது. ஒரு பக்கமாக இழுக்கிற ஜீப்பும் அப்படித்தான் நேராகப் போகிறது. அந்த நேர், டிரைவரின் தோள்பட்டை நாள் முழுக்கக் கொடுக்கிற எதிர்வலு. அவர் களைத்துப்போகும் மாலை நேரத்தில், ஆட்களை ஏற்றித் திரும்பும் இறக்கத்தில், கோணல் தன்னைக் காட்டும்.

கோணலை முயன்று நீக்கச் சொன்னது அந்தக் கதை; ஆசீவகமோ முயற்சி என்ற ஒன்றையே மறுத்த சமயம். மற்கலி கோசாலர் வழியில் வந்தவர்கள், எல்லாம் நியதிப்படியே நடக்கிறது, மனித வலிமையால் ஆவது எதுவுமில்லை என்றார்கள். தமிழில் மணிமேகலை அவர்கள் கொள்கையை எடுத்துச் சொல்கிறது. நீலகேசி ஒரு சருக்கத்தையே ஒதுக்கி மறுக்கிறது. சமண ஆகமமான உவாசகதசாவோவில் சத்தாலபுத்தன் என்ற குயவன் வருகிறான், ஆசீவக இல்லறத்தான். வெயிலில் காயும் அவன் பானைகளைக் காட்டி மகாவீரர் கேட்கிறார்: இவை முயற்சியால் ஆனவையா, முயற்சி இல்லாமலா? முயற்சி இல்லாமலே, எல்லாம் நியதி என்கிறான் குயவன். சரி, ஒருவன் வந்து இந்தப் பானைகளைத் திருடினால், உடைத்தால், உன் மனைவியிடம் முறைகேடாக நடந்தால் என்ன செய்வாய்? அடிப்பேன், கட்டிப்போடுவேன் என்கிறான் அவன். முயற்சியே இல்லையென்றால் எவனும் எதையும் செய்யவில்லையே, யாரை அடிப்பாய் என்கிறார் மகாவீரர். சத்தாலபுத்தனிடம் பதில் இல்லை.

அந்தக் கேள்வியை இன்றும் கேட்கலாம். நிறுத்திவைத்த ஜீப்பிலிருந்து இரவில் டீசல் திருடுபோனால் விதி என்று சொல்லிவிட்டு எந்த உரிமையாளரும் படுக்கப் போவதில்லை. மறுநாளே பூட்டுப்போட்ட மூடி வந்துவிடும். அதே வண்டியில் டை ராடு எண்டு ஆடுகிறது என்று டிரைவர் மூன்று முறை சொல்லியும் ‘பாத்துக்கலாம்’ என்றவர், விபத்துக்குப் பிறகு விதியைத் துணைக்கு அழைக்கும்போது, சத்தாலபுத்தனின் இடத்தில் நிற்கிறார். நஷ்டம் தன்னுடையதானால் முயற்சி, அடுத்தவருடையதானால் நியதி என்பதை எந்தச் சமயமும் சொல்லித் தரவில்லை.

இங்கேதான் இந்தத் தத்துவக் கேள்வி அறக் கேள்வியாக மாறுகிறது. மலைக்கு ஏறும் ஜீப்பில் முன்சீட்டில் இருப்பவர் கூலிக்கு ஓட்டுபவர். பின்னால் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பவர்களில் பலர் அன்றாடக் கூலிக்குப் போகும் பெண்கள். வண்டியின் அச்சு வளைந்திருந்தால், அதை வளைத்தது அவர்கள் இல்லை. மூன்று கை மாறி வந்த வண்டியில், இரண்டாவது கைக்காரர் எப்போதோ பாறையில் மோதியதில் ஹவுசிங் வளைந்திருக்கலாம். அந்த அளவில் அது அவர்களுக்கு வாய்த்த ஊழ்தான், மறுக்க முடியாது. ஆனால் ஒருவர் செய்யாமல் விட்டது இன்னொருவருக்கு ஊழாக வந்து சேர்கிறது என்றால், விட்டவர் அதை ஊழ் என்று அழைக்கும் உரிமையை இழந்துவிடுகிறார். பாதிக்கப்பட்டவர் தன் துயரைத் தாங்கிக்கொள்ள விதி என்று சொல்லலாம். அந்தச் சொல் அவருக்கு ஆறுதல். காரணமானவர் சொன்னால் அது கணக்கிலிருந்து தப்பும் வழி.

சாமியை நம்புகிறவர்களைக் குறை சொல்வதாக இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. மலையடிவாரத்துக் காவல் தெய்வத்தின் முன் வண்டியை நிறுத்தித் திருநீறு பூசிக்கொண்டு ஏறும் டிரைவர், தன் கைக்கு மீறியது எவ்வளவு என்று நன்றாக அறிந்தவர். மண் சரியும், மூடுபனி இறங்கும், எதிரே லாரி வரும். அங்கே கும்பிடாமல் வேறென்ன செய்வது? ஆயுத பூஜையிலும் உற்றுப் பார்த்தால் பராமரிப்பு உள்ளேயே இருக்கிறது. கருவியைக் கழுவி, துடைத்து, எண்ணெய் பூசி, ஒரு நாள் ஓய்வு கொடுத்துவிட்டுத்தான் சந்தனம் குங்குமம் வைக்கிறோம். வாழைக்கன்று கட்டி, சக்கரத்தடியில் எலுமிச்சை வைத்து நசுக்குவது அதற்குப் பிறகு. கழுவும்போது அடியில் படுத்து டை ராடை ஒரு முறை ஆட்டிப் பார்த்தால் பூஜை குறைந்துவிடாது, நிறைவடையும்.

சரணாகதியை முன்னிறுத்திய வைணவத்திலும் இதே கதைதான். தாயைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டியை வடகலையார் காட்டினார்கள். தாய் கவ்விச் செல்லும் பூனைக்குட்டியைப் பிள்ளை லோகாசாரியர் வழிவந்த தென்கலையார் காட்டினார்கள். வாதம் வீடுபேற்றைப் பற்றியது. பூனைக்குட்டிபோல் கிடப்பவனும் கைங்கர்யத்தைக் கைவிடலாம் என்று தென்கலை சொன்னதில்லை. பலன் கருதாமல் செய்ய வேண்டும் என்றுதான் சொன்னது. தன் வண்டியில் ஏறுகிறவர்களின் உயிருக்காகச் செய்யும் பராமரிப்பைவிடக் கைங்கர்யம் என்ற பெயருக்குத் தகுதியான வேலை அதிகம் இல்லை.

ஒரு மறுப்பு வரும். எவ்வளவு அளந்தாலும் விபத்து நடக்கிறதே, நன்றாகப் பராமரித்த வண்டியும் உருள்கிறதே என்பது. உண்மைதான். முப்பது வருஷம் உழைத்த இரும்பில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கலாம். டோ-இன் சரியாக வைத்ததால் மண்சரிவு நிற்காது. முயற்சி எல்லாவற்றையும் வெல்லும் என்று சொல்வது, எல்லாம் விதி என்பதைப் போலவே பொய். அது விழுந்தவர்கள் எல்லோரையும் சோம்பேறிகள் ஆக்கிவிடும். சரியாகச் செய்துவிட்டு இழந்தவர் குற்றவுணர்ச்சியில் வேக வேண்டியதில்லை. வள்ளுவரின் அந்த எட்டாவது குறள் அவரையும் காப்பாற்றுகிறது. ஆனால் அந்தக் காப்பைக் கேட்க அளந்து பார்த்திருக்க வேண்டும்.

எட்டு வருஷம் தாண்டிய வாடகை வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. (தகுதிச் சான்று) கட்டாயம். மலைப்பாதையில் தினமும் ஓடும் ஜீப்புக்கு ஆண்டுக்கொரு முறை போதாது. வருஷத்தில் 364 நாள் இந்தப் பொறுப்பு உரிமையாளருடையது. அதற்கு வேண்டியது ஒரு ஜாக்கி, சாக்பீஸ், ஆணி, டேப், இரண்டு ஸ்பேனர், இரண்டு ஆள், ஒரு மணி நேரம். ஹவுசிங் வளைந்திருந்தால் மட்டும் பணிமனைக்குப் போக வேண்டியிருக்கும். அங்கே கேஸ் வைத்துச் சூடுகாட்டி நிமிர்த்த விடக் கூடாது. இரும்பின் உறுதி போய்விடும்.

கொழுக்குமலைக்கோ வேறெந்த மலைக்கோ ஜீப் பிடிக்கப் போகிறவர்கள், ஏறும் முன் முன் டயர்கள் இரண்டிலும் குறுக்காகக் கையை ஓட்டிப் பாருங்கள். வண்டி எந்தப் பக்கமாவது இழுக்கிறதா என்று டிரைவரிடம் கேளுங்கள். அவருக்குத் தெரியும், கேட்டால் பெரும்பாலும் மறைக்கமாட்டார். ரம்பம்போல் கையைப் பிடித்தால் வேறு வண்டி கேளுங்கள். காரணத்தை உரிமையாளரிடம் நேராகச் சொல்லிவிடுங்கள். டிரைவர் மூன்று முறை சொல்லியும் கேட்காதவர், சவாரி போனால் கேட்பார்.